பக்கத்து சீட்டுக்கு நாலு ஓட்டை

பள்ளிச் சீருடை தைக்கும் மாஸ்டருக்கு ஆளைப் பார்த்தாலே அளவு தெரிந்துவிடும். கடைக்குள் நுழைகிற பிள்ளையைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்ப்பார், "இடுப்பு இருபத்தாறு" என்பார். நாடாவைச் சுற்றினால் இருபத்தாறுதான் இருக்கும். இதைப் பற்றி அவர் பெருமை பேசுவதே இல்லை, எதிரே கேட்பதற்கு ஆள் இல்லாத சமயங்களில்.

அவர் குள்ளம். மனைவி அவரைவிட ஒரு சாண் உயரம். கல்யாணப் போட்டோவில் மாஸ்டர் ஒரு பலகைமேல் நிற்கிறார். பலகை தெரியாதபடி போட்டோவின் அடிப்பகுதியைக் கத்தரித்ததும் அவரே. மனைவி பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதற்கப்புறம் அந்த விஷயத்தில் பேச எதுவும் மிச்சம் இருக்காது.

மாஸ்டருக்கு ஒரு பழைய ஜீப் உண்டு. மரக் குத்தகைக்காரர் ஒருவர் காடு மேடெல்லாம் ஓட்டித் தேய்த்துவிட்டு, தலை முழுகிய வண்டி. இருபத்திரண்டு வருடமாக மாஸ்டர் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்து வந்தார், தரையை மட்டும் விட்டுவிட்டு. மிதியடிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று யார் பார்த்தார்கள்? தகடு துருப்பிடித்து அப்பளமாகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால், மனைவியின் தங்கை வீட்டு விருந்துக்குப் போகிற வழியில், ஜீப் ஒரு குட்டையில் இறங்கியது. குட்டை ஜீப்புக்குள் ஏறியது. முழங்கால் வரை சேற்றோடு விருந்து வீட்டுக்குள் நுழைந்த மனைவி, திரும்பி வந்தபோது பஸ்ஸில் வந்தார். "இனிமே அதுல கால் வைக்க மாட்டேங்க" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூட மாஸ்டருக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கும்.

ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. மனைவியின் சீட்டைக் கழற்றிக் கொண்டுபோய், கடையில் வாடிக்கையாளர்கள் உட்காரப் போட்டுவிட்டார். மனைவி ஒருநாள் கடைக்கு வந்தார், அதில் உட்கார்ந்தார், இங்கே நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ரோஷம் அத்தோடு இறங்கிவிட்டது. ஆனால் சீட்டைத் திரும்ப மாட்ட ஒரு சாக்கு கிடைக்கவில்லை. இரண்டு வருடமாக மாஸ்டர் பக்கத்தில் ஆள் இல்லாமல் ஓட்டினார். வழியில் எதைப் பார்த்தாலும் சொல்வதற்கு வாய் திறப்பார், பக்கத்தில் வெறும் தகரம் இருக்கும். அவருக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் மனைவிக்கு மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றல் வந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். பஸ் ஊரெல்லாம் சுற்றி இரண்டு மணி நேரம் எடுக்கும். மண்பாதையில் ஜீப் ஒரு மணி நேரத்தில் போய்விடும். தினமும் நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் மாஸ்டர். தரையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் மனைவி.

மாஸ்டர் தலைகால் புரியாமல் கடையைச் சாத்தினார், அதுவும் சீருடை சீசனில். வெல்டர் வந்து ஓட்டைகளுக்குத் தகடு வைத்துப் பற்றவைத்துப் போனார். தெருமுனைப் பஞ்சர்கடைக்காரர் கம்ப்ரஸரைக் கொடுத்ததோடு, தெளிப்பு லைனிங் அடிக்கச் சொல்லி யோசனையும் கொடுத்தார். கோட்டுக்கு உள்ளே துணி கொடுப்பதுபோல ஜீப்புக்கு உள்ளே ரப்பர் மாதிரி ஒரு தோல். தண்ணீர் ஏறாது, துரு பிடிக்காது, சத்தமும் குறையும். மாஸ்டருக்கு உடனே புரிந்துவிட்டது. கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, பூச்சு பிடிப்பதற்காக உப்புத்தாளால் தேய்த்து, தின்னர் போட்டுத் துடைத்தார். பூச்சு படக்கூடாத இடங்களுக்கெல்லாம் டேப் ஒட்டினார்: பெடல், கியர் கம்பி, வயர், வாசல் விளிம்பு. டிரைவர் சீட்டைக் கழற்றி, அதைத் தரையில் முடுக்கும் நாலு ஓட்டைகளும் அடைபடாமல் இருக்க, பழைய போல்ட்டுக்குக் கிரீஸ் தடவிச் செருகினார். பட்டன் காஜா எடுப்பவரின் பொறுமை அத்தனையும் அதில் இருந்தது. முகமூடி போட்டுக்கொண்டு இரண்டு கோட் அடித்தார். முடித்து, டேப்பை உரித்துவிட்டுப் பார்த்தால் கன்னங்கரேலென்று, சொரசொரவென்று, ஒரு திட்டு விடாமல் அப்படியொரு தரை. பஞ்சர்கடைக்காரரைக் கூப்பிட்டு வந்து இரண்டு தடவை காட்டினார்.

மறுநாள் ஞாயிறு. பூச்சு இறுகியிருந்தது. டிரைவர் சீட்டு அழகாகப் போய் உட்கார்ந்தது. கடையிலிருந்த சீட்டைச் சுமந்து வந்து இந்தப் பக்கம் வைத்தார். போல்ட்டைக் கையில் எடுத்துக் குனிந்தார். ஓட்டையைக் காணோம். தடவிப் பார்த்தார். நாலையும் காணோம். இரண்டு வருடமாகச் சேறு அடைத்துக் கிடந்த ஓட்டைகள் அவர் நினைவிலேயே இல்லை. மேலே பூச்சு மெழுகிவிட்டது.

தரையைப் பார்க்க மனைவி வந்தது சரியாக அந்த நேரத்தில்தான். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"உங்க சீட்டு ஓட்டைக்கு மட்டும் அடைப்பு வெச்சிருந்தீங்க போல" என்றார்.

மாஸ்டர் அசடு வழிந்தார். மறந்துபோச்சு என்று சொல்ல வாயெடுத்தார்; எதை, யாரை என்ற கேள்வி வரும் என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டார். பிறகு அவசரமாக, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் பழைய ஓட்டை தெரியும், கீழிருந்து டிரில் விட்டால் பத்து நிமிட வேலை என்று விளக்கினார்.

"பழைய ஓட்டை வேணாம். போடறதுதான் போடறீங்க, கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போடுங்க."

"எதுக்கு?"

"முழங்கால் இடிக்குது."

"எப்போலேர்ந்து?"

"வாங்கின நாள்லேர்ந்து."

மாஸ்டர் இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு சீட்டும் ஒரே வரிசையில் இருந்தால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று அன்றைக்கு முடிவு செய்தவர் அவர். பெடல் எட்டுவதற்காகத் தன் சீட்டை முன்னால் இழுத்தபோது இதையும் கூடவே இழுத்திருந்தார். ஊர்ப்பிள்ளைகளின் இடுப்பெல்லாம் மனப்பாடம். வீட்டில் ஒரு ஜோடி முழங்கால் இருபது வருடம் தகரத்தில் இடித்தது தெரியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஏம்மா சொல்லல?"

"கண்ணாலயே அளவு எடுக்கறவர்கிட்ட என்னத்தைச் சொல்றது?"

மாஸ்டர் சீட்டைப் பின்னால் தள்ளினார். மனைவியை ஏறி உட்காரச் சொன்னார். கழுத்திலிருந்த நாடாவை எடுத்து முழங்காலுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே பிடித்தார். நாலு விரல் போதுமா என்று கேட்டார். ஆறு என்றார் மனைவி. ஆறு விரல் விட்டு, துணிக்குப் போடும் வெள்ளைச் சாக்கட்டியால் அந்தக் கறுப்புத் தரையில் நாலு புள்ளி வைத்தார். ஒரு பொத்தல் இல்லாத பூச்சு. அடித்து முழுதாக ஒருநாள் ஆகவில்லை. கை கூசவில்லை என்றால் பொய். ஆனாலும் டிரில்லை வைத்து அழுத்தினார், நாலு தடவை. அடியில் பெரிய வாஷர் கொடுத்து முடுக்கினார். ஒரு சீட்டு முன்னும் ஒரு சீட்டு பின்னுமாக ஜீப் கோணலாக நின்றது.

திங்கட்கிழமை காலை மனைவி சாப்பாட்டுப் பையோடு வந்து ஏறிக்கொண்டார். இரண்டு வருடத்துப் பேச்சை மாஸ்டர் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். மண்பாதை தொடங்கியதும் முதல் விஷயத்தை ஆரம்பித்துவிட்டு, பதில் வராததால் திரும்பிப் பார்த்தார். கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு மனைவி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வண்டியில் அவர் ஒருமுறைகூடத் தூங்கியதில்லை. மாஸ்டர் பேச்சை நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்துப் பார்த்து, மெதுவாக ஓட்டினார்.