பூனைக்கண்ணும் நீலச் செவ்வந்தியும்

என் மகளுக்கு ஆறு மாதம் ஆனபோது, அவளுக்கு வாய்த்திருப்பது பூனைக்கண் என்று எங்கள் தோட்டத்து லைன் வீடுகள் முழுவதும் முடிவாகிவிட்டது. எனக்குக் கறுப்புக் கண். என் கணவருக்கும் கறுப்புக் கண்தான்.

யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். குழாயடியில் நான் போய் நின்றதும் பேச்சு மழைக்குத் தாவும், அவ்வளவுதான். கேமரன் மலையில் மழையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அது பாட்டுக்குத் தினமும் பெய்கிறது. என் கணவர் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. ஆனால் குழந்தையைத் தூக்கினால் முகத்தைப் பார்க்காமல் தோளில் சாய்த்துக்கொள்ள ஆரம்பித்தார். என் தாத்தாவுக்கும் அந்தக் கண்தான் என்று சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை.

என்னைக் காப்பாற்றியவர் என் நாத்தனார், கணவரின் அக்கா. நான் முழுகாமல் இருந்தபோது என் கட்டிலுக்கு எதிரே வெள்ளைக்காரக் குழந்தை படம் போட்ட காலண்டரை மாட்டியவர் அவர். எங்கள் லைனில் கர்ப்பிணி இருக்கும் வீட்டிலெல்லாம் அப்படி ஒன்று தொங்கும்.

"பத்து மாசமும் அதையே பாத்துக்கிட்டுக் கெடந்தா லா. புள்ளைக்கி அந்தக் கண்ணு வந்துருச்சி" என்று அவர் குழாயடியில் அறிவித்தார். குழாயடி ஏற்றுக்கொண்டது. என் கணவரும் மகளை முகம் பார்த்துக் கொஞ்சத் தொடங்கினார். சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.

நான் வேலை செய்வது பக்கத்தில் திரிங்காப் ஊரில் ஒரு பூத்தோட்டத்துக் கொட்டகையில். வெள்ளைச் செவ்வந்திக் காம்பைச் சரிவாக வெட்டி, நீலச் சாயம் கலந்த தண்ணீரில் நிறுத்திவைப்பேன். காம்புக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாகத் தண்ணீர் ஏறும். ஏறிய தண்ணீர் இதழ் வழியாக ஆவியாகிப் போகும், சாயம் மட்டும் தங்கிவிடும். மறுநாள் பூ நீலமாக லோரி ஏறும்.

மீந்துபோன ஒரு கட்டுப் பூவை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் கணவருக்குத் தேயிலை நாற்றுப் பண்ணையில் வேலை. விதை போட்டால் தேயிலை ஒன்றைப்போல் ஒன்று வராது. ஒரு கணுவும் ஓர் இலையும் விட்டுத் தண்டை வெட்டி மண்பையில் நட்டால், தாய்ச்செடி எப்படியோ பிள்ளையும் அப்படியே வரும். அவருக்கு அதுதான் வேதம். ஆகவே அந்த நீலப் பூக் காம்புகளில் இருந்த பக்கத் துளிர்களை வெட்டி, இருபது பைகளில் நட்டு, வாசலில் வரிசையாக வைத்தார்.

"பாரு, இனிமே நீலச் செவந்தி நம்ம வீட்டுலயே பூக்கும்" என்றார். நான் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

மூன்று நான்கு மாதத்தில் பூத்தன. எல்லாம் வெள்ளை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வீடே வாசலில் நின்றது. மாமியார் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் கணவர் ஒவ்வொரு பையாகத் தூக்கித் தூக்கிப் பார்த்த அழகைக் கண்டு எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க நீங்க! சாயம் குழாய்ல ஏறிப் பூவுல நின்னுச்சி, அம்புட்டுத்தான். செடி உள்ளுக்குள்ள எப்பவும் வெள்ளைதான். வெளிய இருந்து ஏத்துறது எதுவும் புள்ளைக்கிப் போகாது. ஒடம்புக்குள்ளயே இருக்கிறதுதான் போகும்."

நாத்தனார் குறுக்கே புகுந்தார். "அப்ப காலண்டரு?"

வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். என் கணவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. எனக்குப் பயம்தான். ஆனாலும் விடவில்லை.

"அந்தக் கண்ணு உள்ளயே ஒளிஞ்சி வரும்ங்க. ரெண்டு பக்கமும் இருந்தா எப்பவாச்சும் ஒரு புள்ளைக்கி வெளிய தெரியும். எங்க தாத்தாவுக்கு இருந்துச்சின்னு அப்பவே சொன்னேன், யாரு காதுல வாங்குனா?"

"எங்க பக்கம் யாருக்கும் இல்ல" என்றார் அவர், தரையைப் பார்த்து.

"இருக்கு" என்றார் மாமியார். கீரை ஆய்வதை அவர் நிறுத்தவில்லை. "எங்க அக்காவுக்கு. இதே கண்ணு. பூனைக்கண்ணின்னு ஒருத்தனும் கட்டிக்க வரல. ரிங்லெட் பக்கம் ஒரு தோட்டத்துல ஒத்தையாவே கெடந்து செத்துப்போச்சி."

அப்படி ஒரு பெரியம்மா இருந்ததே என் கணவருக்குத் தெரியாது.

"அத்தை, ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"கண்ணு வெளுக்க ஆரம்பிச்சப்பவே."

"ஏன் சொல்லல?"

"என் ரத்தம்னு தெரிஞ்சா என்னயில்ல பேசுவாங்க?" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ வாயாடி. தாங்கிக்குவன்னு இருந்துட்டேன்."

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து மூன்று வேளையும் அவருக்குச் சோறு போட்டவள் நான். அன்று மதியம் எனக்கும் என் மகளுக்கும் மட்டும் உலை வைத்தேன்.