குங்குமம் வைத்த கேபிள்கள்

காலையில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்துக்குச் சிவப்பு தீட்டிக்கொண்டிருந்தாள். நெயில் பாலிஷ் வாசனை உங்களுக்குக் கல்யாண வீட்டை நினைவூட்டலாம். எனக்கு எண்ணூர் கன்டெய்னர் யார்டின் சர்வர் அறைதான் வரும். அழகில்லாத ஞாபகம், என்ன செய்ய.

வெளியே நிலக்கரித் தூசு, உள்ளே உப்புக்காற்று, பெயருக்கு ஒரு ஏசி. எந்த கன்டெய்னர் எங்கே நிற்கிறது என்ற விவரமெல்லாம் ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில் இருந்தது. அதிலிருந்து சர்வருக்கு இரண்டு கேபிள்கள். ஒன்று படுத்தால் மற்றது தாங்கும். அவற்றைச் சோதித்து மாற்றுவது என் வேலை. ஸ்டிக்கர் ஒட்டினால் அந்த ஈரத்தில் மறுநாளே உரிந்து கிடக்கும். அதனால் பழுதான கேபிளில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பேன்.

ஒருமுறை அப்படிப் பொட்டு வைத்துவிட்டு, புதுக் கேபிள் வரும்வரை லீவில் போனேன். ஆயுத பூஜை வந்தது. கேட் கிளார்க் தேவிகா அக்கா பக்தியில் குறை வைக்காதவர். கீபோர்டு முதல் கேபிள் வரை குங்குமம், என் பொட்டின் மேலும் தாராளமாக.

புதுக் கேபிளோடு வந்தவள் திகைத்து நின்றேன். கோளாறு விட்டுவிட்டு வருவது; விளக்கு இரண்டிலும் பச்சைதான். நல்லதைப் பிடுங்கிவிட்டால் யார்டே நின்றுவிடும். வெளியே ரோடு வரை லாரிகள். தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"சர்வர் ரூம்ல குங்குமமா?" அதிகாரி சிரித்தார். "உங்க ஏரியா ஆளுங்க எதையும் தொடாதீங்க. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு உக்காருங்க, நாளைக்கு நாங்க வர்றோம்."

குங்குமத்துக்குத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். எண்ணூர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் 'உங்க ஏரியா' என்றதில்தான் கோபம் தலைக்கேறியது. "தொடுவேன் சார்" என்று போனை வைத்துவிட்டேன். தவறினால் வேலை போயிருக்கும்.

"இன்னாமே, ரெண்டும் செவப்பாத்தான் கீது. உன்து எது?" அக்கா குனிந்து கேபிள்களைப் பார்த்தார்.

"துணிய நனைச்சு நல்லாப் பிழிஞ்சு குடுக்கா."

துடைத்தேன். ஒன்றில் குங்குமம் முழுக்க வந்துவிட்டது. மற்றதில் குங்குமம் போன பிறகும் ஒரு பொட்டு மட்டும் அசையாமல் இருந்தது. அந்தக் கேபிளைக் கழற்றினேன். முனையெல்லாம் பச்சைக் களிம்பு. புதியதைச் செருகினேன். வெளியே லாரிகள் தம் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தன.

புதுக் கேபிளுக்கும் அக்கா கையால் குங்குமம் வைக்கச் சொன்னேன். வேண்டுமென்றேதான்.

இப்போது அந்தக் கன்டெய்னர் விவரமெல்லாம் எங்கோ தூர ஊர்க் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். ஸ்டோரேஜ் பெட்டி காயலாங்கடைக்குப் போய்விட்டது. அந்த அறையில் உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள். அக்கா மாத்தூரில் மகன் வீட்டோடு இருக்கிறார். தொடாதே என்று சொல்ல இன்று யாரும் இல்லை. தொடுவதற்கும் எதுவும் இல்லை.

இருந்தால், இன்றைக்கும் தொடுவேன்.