பாலத்தைத் தாண்டி நிறுத்தியவள்

பெயர் கொடுக்கும் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ‘இதற்கு முன் ஓடிய அனுபவம் உண்டா?’ மனதில் முதலில் வந்த பதில், ‘என் அக்காவுக்கு உண்டு’ என்பதுதான். அப்படி எழுத அங்கே இடம் இல்லை. ‘இல்லை’ என்று போட்டேன்.

சைக்கிள் விஷயத்தில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. தென்காசி தபால் அலுவலகக் கவுண்டரில் போய் உட்காருவதற்கு முன், தினமும் விடியற்காலையில் சுந்தரபாண்டியபுரம் வரை மிதித்துவிட்டு வந்துவிடுவேன். நாற்பத்தேழு வயதில் ஹெல்மெட்டும் கையுறையுமாகப் போகிறவளைப் பார்த்துச் சிரித்த தெருக்காரர்கள், இப்போது ஒருநாள் போகாவிட்டால் உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள். ஆனால் ஓட்டம்? கிளம்புகிற பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓடியது கிடையாது. அடுத்த பஸ் வராமலா போய்விடும் என்று நின்றுவிடுகிற ரகம்.

இந்தப் போட்டிக்கு டூயத்லான் என்று பெயர். மூன்று கிலோமீட்டர் ஓட வேண்டும், பதினைந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கி மறுபடியும் ஒன்றரை கிலோமீட்டர் ஓட வேண்டும். ‘முதன்முறை வருபவர்களுக்கானது, பயம் வேண்டாம்’ என்று வாட்ஸ்அப் அறிவிப்பில் போட்டிருந்தார்கள். எனக்குப் பயம் ஓட்டத்தில் இல்லை. இலஞ்சியில் தொடங்கிக் குற்றாலம் போய்த் திரும்புகிற பாதை என்று போட்டிருந்ததே, அதில்தான். அந்தப் பாதையில் அக்காவிடம் சொல்லாத ஒரு விஷயம் எனக்குப் பாக்கி கிடந்தது. அதை இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் பெயரே கொடுத்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் படித்தது இலஞ்சியில். வீடு தென்காசியில். வீட்டில் இருந்தது ஒரே ஒரு லேடீஸ் சைக்கிள். டபுள்ஸ் போகக்கூடாது, டயர் தாங்காது என்பது அப்பாவின் உத்தரவு. அதனால் பாதிப் பாதி என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் நான் முதலில் ஏறுவேன். நடுவழியில் வாய்க்கால் பாலம். அங்கே ஸ்டாண்டு போட்டுப் பூட்டி, சாவியைச் சீட்டுக்கடியில் செருகிவிட்டு, மீதித் தூரத்தை நான் நடக்க வேண்டும். பின்னால் நடந்து வருகிற அக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். சாயங்காலம் திரும்பும்போது முதல் பாதி அவளுக்கு, இரண்டாம் பாதி எனக்கு.

சொன்னபடி பாலத்தில் நிறுத்தியவள் அவள். நான் நிறுத்தியதில்லை. சைக்கிளில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு இறங்க மனசு வராது. முதலில் பாலத்தைத் தாண்டிப் பத்தடியில் நிறுத்தினேன். அடுத்த வாரம் ரைஸ்மில் பக்கத்தில் நிறுத்தினேன். அதற்கடுத்த வாரம் இன்னும் தள்ளி, மருதமரத்தடியில். பாலத்தில் சைக்கிளைக் காணாமல், மணியடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று அக்கா ஓட ஆரம்பித்தாள். தினமும் ஓடி ஓடி, பள்ளிக்கூடத்தில் அவளை முந்த ஆளில்லை என்றாகிவிட்டது. ‘என்னாலதானே நீ ஓட்டக்காரி ஆனே’ என்று கொஞ்ச நாள் அவளிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். திமிருக்குக் குறைச்சல் இல்லை.

அவள் பதினொன்றாம் வகுப்பில் இருந்த வருஷம், மாவட்டப் போட்டிக்கு ஆள் தேர்வு செய்யத் திருநெல்வேலிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலிலிருந்து வேன். “இன்னைக்கு ஒருநாளாவது பாலத்துல நிறுத்துட்டி” என்று கெஞ்சித்தான் அனுப்பினாள். சரி என்று தலையாட்டினேன். அன்றைக்குத்தான் அந்த வருஷத்தின் முதல் சாரல். பாலத்தில் எதிரே வந்த பால்காரர், அருவியில் தண்ணீர் விழுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். பாலத்தைத் தாண்டினேன், மருதமரத்தைத் தாண்டினேன், பள்ளிக்கூடத்தையும் தாண்டி நேரே குற்றாலத்துக்கு மிதித்தேன். ஆள் கூட்டம் சேராத அருவியை நனைந்துகொண்டே நின்று பார்த்தேன். அக்கா ஞாபகமே வரவில்லை. சந்தோஷமாக இருந்தேன். இத்தனை வருஷமாக என்னை உறுத்துவது அந்தச் சந்தோஷம்தான்.

நான் திரும்பி வந்தபோது வேன் போயிருந்தது. அவ்வளவு தூரத்தையும் சாரலில் ஓடி வந்த அக்கா, சேறு தெறித்த பாவாடையோடு கேட் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். “சங்கிலி கழண்டுட்டுக்கா” என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வகுப்புக்குப் போய்விட்டாள். அடுத்த வருஷம் பொதுத்தேர்வு, அதற்கடுத்த வருஷம் கல்யாணம், பிறகு மதுரை. அவள் ஓடி நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

சீசன் பிறந்தால் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வராமல் இருக்கமாட்டார்கள். கூப்பிடுவது அருவி, வடித்துக் கொட்டுவது நான். இந்த வருஷம் அக்காவும் வந்திருந்தாள். போட்டியன்று காலை ஆட்டோவில் இலஞ்சிக்கு வந்து மைதானத்து ஓரத்தில் நின்றாள்.

“எடுத்த எடுப்புல பறக்காத. ஒன் இஷ்டத்துக்கு விட்டா நாலாவது நிமிஷம் படுத்துருவ” என்றாள்.

பறந்தேன். நாலாவது நிமிஷம் படுக்கவில்லை, ஆனால் விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பள்ளிப் பிள்ளைகள், தொப்பைக்காரர்கள், ரிட்டயர் ஆன ஒரு சார் என்று எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். மூன்று கிலோமீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சைக்கிளில் ஏறியதும் உயிர் வந்தது. என்னைத் தாண்டியவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினேன். குற்றாலத்தில் எண்ணெய் தேய்ப்பவர்கள் பலகையைப் போட்டு பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரக்காற்றும் எண்ணெய் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தபோது, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இதே ரோட்டில் மிதித்த அந்தப் பதினாலு வயதுக்காரி பக்கத்தில் வருவது போல இருந்தது. அவளைப் பிடித்து ஓர் அறை விட வேண்டும் என்று தோன்றியது. அவளாகவே இருந்துவிடக் கூடாதா என்றும் தோன்றியது. ஐந்தருவி வளைவில் திரும்பும்போது கண் கலங்கிவிட்டது. சாரல் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம்.

மைதானத்து வாசலில் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு முன்னாலேயே சைக்கிளைவிட்டு இறங்கிவிட வேண்டும் என்பது விதி. நான் கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நிறுத்தினேன். விசில் ஊதி என்னைத் திருப்பி அனுப்பி, கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து தள்ளிக்கொண்டு வரச் சொன்னார்கள். கயிற்றுக்கு வெளியே நின்ற அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“இன்னும் தாண்டித்தான் நிறுத்துத, என்ன?” என்றாள்.

கடைசி ஓட்டத்தில் கால் இரண்டும் உலக்கையாகக் கனத்தன. வயல் ஓரத்து ரோட்டுக்கு வந்ததும் பக்கத்தில் காலடிச் சத்தம். அக்கா. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தாள். ஐம்பது வயதிலும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது. அந்த மூச்சோடேயே சொன்னேன்.

“அக்கா… அன்னைக்குச் சங்கிலி கழலல. நான் அருவி பாக்கப் போயிட்டேன்.”

அவள் ஓட்டத்தை நிறுத்தவில்லை.

“தெரியும்ட்டி. சங்கிலி மாட்டுனவ கையில மசி இருக்கும்லா? ஒன் கை சுத்தமா இருந்துச்சு. சாரல்ல நனைஞ்சா மசி போவாது.”

“அப்பமே தெரியுமா? ஏன் ஒரு வார்த்த கேக்கல?”

“நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன்.” செருப்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “மூச்சு வாங்குதுல்லா, வாய மூடிட்டு ஓடு.”

கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தேன். முடித்த எல்லோருக்கும் மெடல் போட்டார்கள். என்னுடையதைக் கழற்றி அக்கா கழுத்தில் போடப் போனேன். கையைத் தள்ளிவிட்டாள்.

“இது ஒன்னுது. என்னுது அந்த வேன்ல போயிட்டு.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது. மெடலை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆட்டோ கூப்பிடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். “சைக்கிள் ஒண்ணு, ஆளு ரெண்டு. பாதிப் பாதி. திரும்புறப்ப மொதப் பாதி எனக்குத்தான?” நான் பதில் சொல்வதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். முதலில் ஹேண்டில்பார் ஆடியது, பிறகு நேரானது. மருதமரம் இருந்த வளைவில் திரும்பி மறைந்தாள்.

இற்றுப்போன கால்களோடு நடந்தேன். மரம் இப்போது இல்லை, ரைஸ்மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். வாய்க்கால் பாலத்தை அகலப்படுத்தியிருக்கிறார்கள். பாலத்துக்கு வந்து பார்த்தேன். சைக்கிள் இல்லை.

கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருப்பாள் என்று நடந்தேன். அடுத்த வளைவிலும் இல்லை. தென்னந்தோப்பு கேட் பக்கமும் இல்லை. அதற்குமேல் அவள் எங்கேயும் நிறுத்தியிருக்கமாட்டாள் என்று புரிந்துபோயிற்று. நடுரோட்டில் நின்று சிரித்தேன். அப்புறம் அழுதேன். வேறு வழியில்லாமல் மீதித் தூரத்தையும் நடந்தேன்.

வீட்டு வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. படியில் காபி டம்ளரோடு அக்கா.

“சங்கிலி கழண்டுட்டுட்டி” என்றாள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டினாள். ஒரு பொட்டு மசி இல்லை.