படுகளத்தில் வேம்புலியம்மாள்

வேம்புலியம்மாளைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். புருஷனை உயிரோடு இருக்கும்போதே சாகடித்தவள் என்பார்கள் சிலர். அவன் கட்டின தாலியே கதி என்று கிடந்தவள் என்பார்கள் சிலர். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை, தப்பாகவும் படவில்லை. யோசித்தால் தலைவலிதான் மிச்சம்.

என் பேர் துலுக்கானம். காட்டுப்பாக்கத்து அம்மன் கோயில் கூத்துக்கு மிருதங்கம் அடிக்கிறவன். வேம்புலியம்மாளின் புருஷன் நாகப்பன் என் கூட்டாளி, என்னைவிட நாலு வயசு மூத்தவன். கூத்தில் அவனுக்கு ராசா வேஷம். பங்காளிகளின் நாட்டைப் பிடுங்கிக்கொண்டு, கடைசியில் தொடையில் அடிபட்டுக் களத்தில் சாகிற ராசா. வேஷம் கலைத்த பிறகும் வீட்டில் அவன் ராசாதான். பெண்டாட்டியை அடிப்பான். அடித்த அன்றே பூந்தமல்லிக்கு நடந்துபோய் பாய் கடை அல்வா வாங்கி வந்து ஊட்டியும் விடுவான். ஒருநாள் பெரம்பூர்ப் பக்கம் வேலை என்று போனவன் போனவன்தான். அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் என்று ஆறு மாதத்தில் சேதி வந்தது.

வேம்புலியம்மாள் அழவில்லை. தாலியைக் கழற்றவும் இல்லை. விடிந்ததும் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறித்து, கூடையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போவாள். அதில் ஒரு முழம் தன் தலைக்கு. வெள்ளிக்கிழமை தவறாமல் தாலிக்கு மஞ்சள் பூசுவாள். பூசும்போதே, "கட்டையில போறவன், எந்தச் சாக்கடையில கெடக்கறானோ" என்று திட்டுவாள். இப்படிப்பட்ட பெண்பிள்ளையை என்னவென்று சொல்ல?

பத்து வருஷம் இப்படிப் போனது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டைமுடிச்சோடு காலியானதே, அந்தச் சித்திரையில் நாகப்பன் திரும்பி வந்தான். அந்தப் பெரம்பூர்க்காரி தன் தாய்வீட்டோடு போய்விட்டாளாம். நேரே வீட்டுக்குப் போகத் தைரியம் இல்லாமல் கோயில் மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்தான்.

இரவில் விளக்கு ஏற்றக் கூடாது என்று உத்தரவு. அதனால் கூத்தெல்லாம் நின்றுபோய், ராசா களத்தில் சாகிற கடைசி நாள் படுகளம், பகலில் நடக்கிறது, அது மட்டும்தான் அந்த வருஷம். ராசா வேஷம் கட்டுகிறவனுக்குக் காய்ச்சல். தர்மகர்த்தா உலகநாதன் நாகப்பனைப் பார்த்ததும், நீயே கட்டு என்று சொல்லிவிட்டார்.

படுகளத்தன்று வயலில் ராசாவைப் பெரிய மண்ணுருவமாகச் செய்து மல்லாக்கப் படுத்தியிருப்போம். அடிபட்டதும் வேஷக்காரன் அந்த மண் மார்பில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வான். ஒரு பெண் வந்து, பாவி செத்தான் என்று ஊர் சார்பில் துடைப்பத்தால் அவனை மூன்று அடி அடிக்க வேண்டும். அடித்த கையோடு துடைப்பத்தை வீசிவிட்டு, அவனைப் பெற்ற தாயாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். அடிப்பவளும் அழுபவளும் ஒருத்தியே. இந்த உரிமை வேம்புலியம்மாளின் தாய்வீட்டுக்கு உண்டானது. அவள் அம்மா போன பிறகு எட்டு வருஷமாக அவள்தான் செய்துவந்தாள். நாகப்பன் படுத்து அவள் அடிக்கப்போவது அதுதான் முதல் தடவை.

முந்தின நாள் அவன் என்னைக் கூப்பிட்டான். "ஊட்டுக்கு வரலாமான்னு ஒரு வார்த்த கேட்டுகினு வாடா. வேணாம்னா களம் முடிஞ்சதும் அப்டியே போய்டறேன்."

போன எனக்குப் புத்தி இல்லை. அவள் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"குண்டு பயம் இல்லன்னா வந்திருப்பாரா?"

"தெரியல அண்ணி."

"அந்தப் பொம்பள போவலன்னா?"

"அதுவும் தெரியல."

"பின்ன இன்னா தெரிஞ்சிகினு நீ தூது வந்த?"

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. எழுந்து நாலடி வைத்தேன். "எளச்சி கீறாரா?" என்று பின்னாலிருந்து கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் நாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "நாளிக்கி களத்துல சொல்றேன், போ."

மறுநாள் வயல் கொள்ளாத கூட்டம். நாகப்பன் விழுந்தான். வேம்புலியம்மாள் துடைப்பத்தோடு வந்தாள். முதல் அடியில் அவன் மார்பில் கட்டியிருந்த மரக் கவசத்திலிருந்து ஜிகினாத்தூள் பறந்தது. இரண்டாவது அடி அதைவிடப் பலம். இது சாமிக்காக அடிக்கிற அடி இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை ஓங்கினபடியே நின்றது. துடைப்பம் நழுவி விழுந்தது. அவள் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஒப்பாரி 'மவனே' என்றுதான் தொடங்க வேண்டும். அவள் 'மாமா' என்று தொடங்கினாள்.

"ஆறிப்போன சோத்துக்கு ஆளில்லையே என் மாமா, ஆரு வந்து கேட்டாலும் பதிலில்லையே என் மாமா" என்று இழுத்தாள். என் கை மிருதங்கத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது. பெண்டாட்டி வைக்கிற ஒப்பாரி அது. புருஷன் செத்தால்தான் வைப்பார்கள். உயிரோடு மடியில் கிடக்கிறவனுக்கு வைத்துவிட்டாள். பத்து வருஷத்து வசவும் அதில் வந்தது, அல்வாவும் வந்தது. பிணமாகக் கிடக்க வேண்டிய நாகப்பன் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தான். அவன் கன்னத்து அரிதாரம் கரைந்து ஓடியது. அது வேண்டுமென்று செய்ததா, வாய் தவறியதா, கோபமா, ஆசையா? அன்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியதா என்பதும் சந்தேகம்தான்.

உலகநாதனுக்கு இதெல்லாம் கவலை இல்லை, அவருக்கு முறைதான் பெரிசு. "பொண்டாட்டி ஒப்பாரி வெச்சிட்டா. முறைக்கு இவன் செத்தவன். இனிமே அந்த ஊட்டு வாசப்படி ஏறணும்னா தல முழுவிட்டு, புதுசா தாலி கட்டிதான் ஏறணும்" என்றார். சொன்னதோடு நிற்காமல் கோயிலிலிருந்து மஞ்சள் கயிறும் வரவழைத்தார். நாகப்பன் வாய்க்காலில் முழுகிவிட்டு ஓடிவந்தான்.

"இன்னாம்மா, உனக்குச் சம்மதமா?" என்றார் உலகநாதன். முதல் கல்யாணத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையை ஆட்டினாள். சனங்கள் பெருமூச்சு விட்டார்கள். எனக்கும் மனசு நிறைந்துபோனது.

பக்கத்து வீட்டுப் பூங்காவனம் பழைய தாலியைக் கழற்ற வந்தாள். வேம்புலியம்மாள் சட்டென்று அதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இத இன்னாத்துக்கு கழட்டற?"

"பழசு இருக்கச்சே புதுசு எப்டி கட்றது? செத்தவன் கட்னதாச்சே" என்றாள் பூங்காவனம்.

"இத கழட்ட மாட்டேன். பத்து வருசம் என்கூட இருந்தது இதுதான்."

"அதுவும் நான் கட்னதுதான வேம்புலி" என்றான் நாகப்பன்.

"நீ கட்னதுதான். அதுக்குத்தான் கழட்ட மாட்டேன்."

அவன் கையில் மஞ்சள் கயிறு ஈரத்தோடு இருந்தது. பழசைக் கழற்றாமல் அதைக் கட்ட முறை இல்லை. அவள் எழுந்து புடவையில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு தூக்குச் சட்டியில் குழம்புச் சோறு கொடுத்து, "பசியோட போவப்போறாரு" என்றாள்.

மண்டபத்தில் நாகப்பன் அதை ஒரு பருக்கை விடாமல் தின்றான். தூக்கைக் கழுவி என்னிடம் கொடுத்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போரூர்ச் சாலையில் இறங்கி நடந்தான். அவள் சொன்ன பதில் இதுதான் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

காலித் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"முழுசா சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரு அண்ணி."

"போய்ட்டாரா?"

"போய்ட்டாரு."

தூக்கைக் கீழே வைத்தாள். அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

"நீ ஒரு வார்த்த தடுக்கலியா?" என்று கேட்டாள்.