மூணெலக் கிழங்குக்கு நேரே ஒரு டிக்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வரும் வழியில் ஒரு அம்மாள் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தட்டில் அடுக்கி விற்பார். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த கிழங்கு. அந்த வாசனைக்காக நான் ஒரு காலத்தில் வந்த பஸ்ஸையே விட்டிருக்கிறேன். போன வாரம் அதே வாசனை வந்ததும் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

"இன்னாம்மா, மரவள்ளிதானே?" என்றாள். மரவள்ளிதான். எனக்கும் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

அவளை டாக்டரிடம் மறுபடி காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தச் சம்பவம் நடந்து இரண்டு மாதம் ஆகிறது. அவள் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். கல்வராயன் மலையின் காப்புக்காட்டில் என்னென்ன செடி கொடிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க, வகுப்பிலிருந்து சிலர் போயிருந்தார்கள். உளுந்தூர்பேட்டையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குக் காலை பதினோரு மணிக்குப் போன் வந்தது. எந்த பஸ்ஸில் ஏறினேன், டிக்கெட் வாங்கினேனா என்பதெல்லாம் இன்றுவரை நினைவில்லை. செருப்பு மட்டும் ஜோடி மாறியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய தோழி நஸ்ரின் நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஒரு கெழங்க வேவவெச்சி ருசி பாத்தோம் ஆன்ட்டி. எனக்கு நாக்கு சுருக்குனு புடிச்சிகிச்சி, துப்பிட்டேன். நீயும் துப்புடின்னு சொன்னேன். 'எங்க அம்மா டிக் போட்டிருக்காங்க, ஒண்ணும் ஆவாது'ன்னு முழுங்கிட்டா."

சொல்லிவிட்டு என் மகளுடைய பையைக் கொடுத்தாள். உள்ளே ஒரு ஜெராக்ஸ் தாள் இருந்தது. என் கையெழுத்து. வீட்டு இரும்புப் பெட்டியில் நான் சேர்த்து வைத்திருந்த பழைய செடிக் கணக்குப் படிவங்களின் கார்பன் பிரதிகளில் ஒன்றை எனக்குச் சொல்லாமல் நகல் எடுத்திருக்கிறாள்.

அந்த இடத்தில் டெட்டால் வாசனை போய் ஈரச் செய்தித்தாள் வாசனை வந்தது என்றால் நம்புவீர்களா? இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் அதே மலையில் அதே வேலையை நானும் செய்திருக்கிறேன். படிப்பு முடிந்த கையோடு கிடைத்த தற்காலிக வேலை. பறித்த செடிகளைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்த வேண்டும், தினமும் தாள் மாற்ற வேண்டும். மழை நாட்களில் தாள் காயாது. ஸ்டவ் பக்கத்தில் காட்டிக் காட்டிக் காயவைப்போம். என் துணிமணி எல்லாம் கசங்கிக் கிடந்தது. இலைகள் மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தன.

காட்டில் நான்கு முளை அடித்து, நைலான் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் செடிகளை எண்ணுவோம். உள்ளூர்ப் பெயர் சொல்ல எங்களோடு சின்னப்பொண்ணு வருவாள். மலைக்காரப் பெண், என் வயதுதான். என்னை டீச்சரம்மா என்பாள். நான் டீச்சர் இல்லை என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

"கயிறு கட்டி மனை போடறீங்களே, யாருக்கு விக்கப் போறீங்க டீச்சரம்மா?" என்று கேட்பாள். நான் எழுத உட்கார்ந்தால், "எலைக்கு ஜாதகம் எழுதறாங்க, யாரும் பேசாதீங்க" என்று மற்றவர்களை அடக்குவாள்.

கடைசிச் சதுரம் ஒரு ஓடைச் சரிவில் அமைந்தது. மதியம்தான், ஆனால் மேகம் இறங்கி மரங்களின் பாதி உயரம் வரை வந்துவிட்டது. எதிர்ச்சரிவில் ஒரே இடத்திலிருந்து புகை எழுந்தது.

"சீக்கிரம் முடிங்கம்மா" என்றார் கூட வந்த வனத்துறை வாட்ச்சர். "அந்தப் பொக சோறாக்கற பொக இல்ல, சாராயப் பொக."

அங்கே இரண்டு பேர் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடவும் இல்லை, போகவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது மூன்று பேர் நின்றார்கள். வாட்ச்சர் எங்கள் கயிற்றைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் சின்னப்பொண்ணு மூன்று மூன்று இலையாக விட்டிருந்த ஒரு முள்கொடியைக் காட்டினாள்.

"இது மூணெலக் கெழங்கு. அப்டியே வேவவெச்சி துண்ணக் கூடாது டீச்சரம்மா. மெல்லிசா சீவி, கூடையில போட்டு, ஓடற தண்ணியில…"

கீழே ஜீப் ஹாரன் அடித்தது. நான் எதிர்ச்சரிவைப் பார்த்தேன்.

"சரி சரி, திங்கலாமா கூடாதா?"

"திங்கலாம். ஆனா…"

உணவு என்ற கட்டத்தில் டிக் போட்டு படிவ நோட்டை மூடினேன். சரிவில் ஓடி இறங்கும்போதும் பின்னாலிருந்து அவள் சொல்லிக்கொண்டேதான் வந்தாள். படிவத்தில் 'ஆனால்' எழுத இடம் இல்லை என்று இத்தனை நாளில் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஜெராக்ஸில் பார்த்தால் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருக்கிறது.

மகள் இரண்டு நாள் கண் சொருகிக் கிடந்தாள். தொண்டை வெந்து எச்சில் விழுங்க முடியவில்லை. "இன்னும் ரெண்டு துண்டு துண்ணிருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர்.

அவள் எழுந்து உட்கார்ந்த பிறகு, அன்று கேட்காமல் விட்ட மீதியைக் கேட்க நான் மலைக்குப் போனேன். சின்னப்பொண்ணு இறந்து நான்கு வருடம் ஆகிறதாம். மருமகள் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ரேஷன் அரிசி இருக்கச்சொல்ல அத யாருக்கா துண்றாங்க? எத்தினி நாள் தண்ணியில போடணும்னு எனக்குத் தெரியாதே" என்றாள். அடுத்த வீடுகளிலும் கேட்டேன். ஒருவர் இரண்டு நாள் என்றார், ஒருவர் ஏழு நாள் என்றார், ஒருவர் அந்தக் கொடியே எது என்று என்னைக் கேட்டார்.

என் படிவத்தில் டிக்கைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, விஷம் என்று எழுதினேன். எழுதும்போதே அது முழு உண்மை இல்லை என்று தெரிந்தது. அந்த வீடுகளில் ஒரு காலத்தில் பசியாற்றிய கிழங்கு அது. அசல் படிவங்களை அன்று வாங்கிக்கொண்ட அலுவலகத்துக்கும் கடிதம் போட்டிருக்கிறேன். பதில் இல்லை. அவற்றை வைத்துத் தட்டச்சு செய்த பட்டியல் எத்தனை பேர் கையில் போயிற்று, இப்போது எவருடைய பையில் மலை ஏறிக்கொண்டிருக்கிறது, தெரியவில்லை. புது நம்பரிலிருந்து போன் வந்தால் இரண்டு ரிங் விட்டுத்தான் எடுக்கிறேன்.

மகள் சின்ன வயதில் கசாயம் குடிக்க அடம்பிடித்ததே இல்லை. நான் டம்ளரோடு வருவது தெரிந்தால் கண்ணை மூடி வாயைத் திறந்து காத்திருப்பாள். என்ன என்று கேட்க மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கும்.

நேற்று அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய் வைத்தேன். ஸ்பூனால் கிளறினாள். மோந்து பார்த்தாள்.

"இதுல இன்னா போட்டிருக்க?"

"அரிசி, உப்பு, ரெண்டு பல்லு பூண்டு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லடி."

அவள் என்மேல் கோபமாக இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். சிரித்துக்கொண்டேதான் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். நான் ஒரு வாய் குடித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கஞ்சியில் ஆடை கட்டும்வரை பார்த்தாள். அப்புறம்தான் ஸ்பூனை எடுத்தாள்.