ஏற்றி வைத்த பலகைகள்

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் எல்லைக்கல்லை ஒரு சாண் நகர்த்தினால் அண்ணன் தம்பிக்குள்ளேயே அரிவாள் எடுப்பார்கள். நட்டது நட்ட இடத்தில் நிற்கும் என்ற அந்த நம்பிக்கையோடுதான் தூத்துக்குடியில் கடற்கரையை அளக்கப் போனேன்.

கல்லூரியில் சிவில் பாடம் நடத்துகிறேன். துறைமுகத்துக் கிரேன்கள் கண்ணுக்குத் தெரிகிற ஒரு மீனவக் குடியிருப்பில் கடல் கரையைத் தின்றுகொண்டிருந்தது. அரிப்பை ஆதாரத்தோடு காட்டினால் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டு அலையைத் தடுக்கலாம் என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். முதல் வரிசை வீடு, கருவாடு விற்கும் ஓர் அக்காவுடையது. கல் வந்தால் அந்த வீடு தப்பும். கடல் நெருங்குவதை அவர் தினமும் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அது ஆதாரம் ஆகாதே.

விலை கூடிய கருவிக்கு வழியில்லை. திரை உடைந்த மூன்று பழைய செல்போன்களை மூங்கில் கம்பில் கட்டி, மாதம் ஒருமுறை கரையோரம் நடந்துகொண்டே நூற்றுக்கணக்கில் படம் எடுத்தேன். அவற்றைக் கம்ப்யூட்டர் கோத்துக் கரையின் மேடுபள்ளத்தை உருவமாக்கித் தரும். போட்டோகிராமெட்ரி என்று பெயர். ஒரு மாத உருவத்தை அடுத்த மாதத்தோடு பொருத்திப் பார்க்க, அசையாத அடையாளம் வேண்டும். அதற்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட நான்கு பலகைகளை மணலில் நட்டேன்.

படத்தில் தன் வீடு தெரியுமா என்று அக்கா கேட்டார். காயப்போட்ட துணியும் கோழியும் கணக்கைக் குழப்பும், அதனால் வீட்டை வெட்டிவிடுவேன் என்று விளக்கினேன். அவர் முகம் வாடியது. எனக்கோ விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த பெருமை.

எட்டு மாதம் கழித்து முடிவு வந்தது: கரை அசையவே இல்லை. எனக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் நான்கு பலகைகளும் மாதாமாதம் விரல் அகலம்கூடப் பிசகாமல் பொருந்தியிருந்தன. கண்ணை நம்புகிறவன் எதற்குக் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும்? கேள்வி கேட்காமல் எந்தக் காகிதத்தையும் வாங்காத அந்த அலுவலகத்து அதிகாரி, 'கரை நிலையாக உள்ளது' என்ற என் அறிக்கையை ஒரே வாசிப்பில் வாங்கிக்கொண்டு காபியும் சொன்னார்.

முடிவைச் சொல்ல அக்கா வீட்டுக்குப் போனேன். செல்போன் திரையில் தலையைப் புதைக்காமல் அந்தக் கரையில் நான் நடந்தது அன்றுதான் முதல்முறை. பலகை நட்டபோது அதற்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வள்ளத்தை நிறுத்தும் அளவு இடம் இருந்தது. இப்போது பலகை அடுப்படிச் சுவரை உரசிக்கொண்டு நின்றது.

கேட்டேன். அக்கா சாதாரணமாகச் சொன்னார்.

"கடல் ஏறி வருதுல்லா சார், ஒங்க போர்டு போயிரக்கூடாதுன்னு நாங்கதான் அப்பப்ப ஏத்தி வச்சோம். எடவெளி மாறாம கயிறு போட்டு அளந்துதான் வச்சோம்."

அலை ஏறினால் தன் வள்ளம், அடுத்தவன் வள்ளம் என்று அவர்கள் பார்ப்பதில்லை. கரையில் கிடப்பதையெல்லாம் மேலே இழுத்துப் போட்டுவிடுவார்கள். என் பலகைகளுக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கிறது. கடல் வர வர பலகையும் பின்னால் போனால், பலகையை வைத்து அளக்கும் கணக்கில் கரை எப்படி அசையும்?

என் வீட்டுக்கு ஓடிப்போய், வெட்டாத படங்களை எடுத்து மறுபடி கோத்தேன். பலகைகள் அசையாமல் நிற்க, அக்காவின் வீடு மாதாமாதம் கடலை நோக்கி நடந்து போயிருந்தது. கோழியும் துணியும்கூட இருந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது.

புது அறிக்கையோடு போனபோது, முதல் அறிக்கை கையெழுத்தாகி மேலே போய்விட்டது என்றார் அதிகாரி. இரண்டில் எது பொய் என்று கேட்பார்களாம். இன்னும் ஒரு வருடம் அளந்து கொண்டுவரச் சொன்னார். இந்த முறை காபி வரவில்லை.

அடுத்த வாரமே அடுப்படிச் சுவர் விழுந்தது. நான் போனபோது அக்கா அடுப்பை முன்னறைக்கு மாற்றியிருந்தார். என் தப்பை முழுக்கச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. இனி பலகை வேண்டாம், யாரும் நகர்த்த முடியாத வீட்டுச் சுவரிலேயே கட்டம் வரைந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். வரைந்துகொள்ளச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"போர்டுன்னா ஏத்தி வச்சிரலாம் சார். வீட்ட எங்கன ஏத்தி வைக்க?"

பெயிண்ட் டப்பாவோடு வீட்டைச் சுற்றி வந்து, மிச்சமிருக்கும் சுவர்களில் எது ஒரு வருடம் நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.