விருந்தினர் செலவு

எங்க சித்தப்பா எங்கப்பா மேல கேஸ் போட்டார். கூடப் பிறந்த தம்பிதான். நிலத்துக்காகப் போட்டிருந்தால்கூட ஊர் உலகத்தில் நடக்காததா என்று விட்டிருப்பேன். அவர் கேட்டது எங்கம்மா பொங்கிப் போட்ட சோற்றுக்குக் கணக்கு.

அரவேணு பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு தேயிலை எஸ்டேட்டும் சின்ன ஃபேக்டரியும் இருந்தன. அதைக் கம்பெனியாகப் பதிந்து, அண்ணன் தம்பி இரண்டு பேரும் டைரக்டர்கள். அப்பா எஸ்டேட் பங்களாவிலேயே இருந்து, மாசச் சம்பளம் எடுத்துக்கொண்டு எல்லாம் பார்த்தார். சித்தப்பா கோயமுத்தூரில் தனி வியாபாரம். தேயிலை வாங்க வருகிறவர்கள், மெஷின் ரிப்பேர்காரர்கள் என்று யார் மலையேறி வந்தாலும் மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அந்த மழையில் ஓட்டலுக்கு எங்கே போவார்கள்? அதனால் பங்களா மளிகையை அப்பா கம்பெனிச் செலவில் எழுதினார். அந்த மேசையில் எல்லாரையும்விட அதிகம் சாப்பிட்டவர் சித்தப்பாதான். அம்மா கல்யாணமாகி வந்தபோது அவர் பள்ளிக்கூடத்துப் பையன். அவருக்குத் தலை சீவிவிட்டதே அம்மாதான்.

சும்மா சொல்லக் கூடாது, அவர் பக்கமும் நியாயம் இருந்தது. தேயிலை விலை விழுந்து, அவருக்குப் பங்கு லாபம் என்று ஒன்றுமே வராத காலத்தில், அவரைக் கேட்காமல் அப்பா தன் சம்பளத்தை ஏற்றிக்கொண்டார். தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நினைத்தால் இன்னமும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஆனால் சித்தப்பா சம்பளத்தோடு நிறுத்தவில்லை. குடும்பச் சாப்பாட்டையும் கம்பெனி தலையில் கட்டிவிட்டார்கள் என்று மனுவில் சேர்த்தார்.

எங்கள் வக்கீல் ஒரு நாள் பங்களாவுக்கே வந்தார். "விருந்தாளிகளுக்கு எவ்வளவு, குடும்பத்துக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லுங்கம்மா."

"ஒரே குண்டாவுல வேகற சோறுங்க. வந்தவங்க தின்னது போக மிச்சத்தை நாங்க தின்னோம். இதுல எதைங்க பிரிக்கறது?" என்றாள் அம்மா. அப்புறம், "தம்பி சாப்பிட்டதை எந்தப் பக்கம் சேப்பீங்க?" என்று கேட்டாள். வக்கீல் பேனாவை மூடிவிட்டார்.

அன்றிலிருந்து அம்மா மறுசோறு போட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டாள். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "பசிக்கல கண்ணு" என்பாள். பச்சைப் பொய்.

இழுத்து இழுத்துக் கடைசியில் ராஜிக்கு வந்தார்கள். அப்பாவின் சம்பளம் நிற்கும். சமையல் செலவில் ஒரு பகுதியை அவர் கம்பெனிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். கையெழுத்துப் போட சித்தப்பா பங்களாவுக்கு வந்தார். அம்மா காலையிலேயே அவருக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வைத்திருந்தாள். நெய் வாசம் முன் ரூம் வரைக்கும் வந்தது.

கையெழுத்து முடிந்ததும் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். சித்தப்பா உட்கார்ந்தே இருந்தார். உச்சி வேளை. எங்கள் பக்கத்தில் அந்நேரம் வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்புவது கிடையாது. சொல்லாமல் யாரும் போய் உட்காருவதும் கிடையாது. அம்மா சமையல்கட்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், அவள் தரையைப் பார்த்தாள்.

"அப்ப வர்றேன் அண்ணி."

"செரி தம்பி."

வெளியே போய் ஷூ கயிற்றை வெகு நேரம் கட்டினார். அப்புறம் கார் கிளம்பிவிட்டது.

"சாப்பிடுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னம்மா?" என்று சத்தம் போட்டேன்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன் கண்ணு. இது யாரு செலவுன்னு அவன் நெனச்சுட்டா?" என்று சொல்லிவிட்டு அழுதாள். குண்டாவை யாரும் திறக்கவில்லை.

அதற்கப்புறம் சித்தப்பா அந்த வீட்டுக்கு வந்தது அம்மா செத்த அன்றைக்குத்தான். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கவில்லை.